இதைக்கூடவா நம்புவார்கள்? மோசடி மெயில்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பின் தெரியாத கோடீஸ்வரரின் சொத்து உங்கள் பெயருக்கு வரப்போகிறது. வாங்காத லாட்டரிச் சீட்டுக்கு முதல் பரிசு விழுந்திருக்கிறது. இன்னும் 24 மணி நேரத்தில் உங்கள் மெயில் கணக்கை மூடப்போகிறார்கள். இந்த மாதிரி மெயில்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அழிப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு வரும் சந்தேகங்களுக்கான பதில்கள் இவை.

இவ்வளவு அபத்தமாக எழுதினால் யார் நம்புவார்கள் என்று அனுப்புகிறவர்களுக்கே தெரியாதா?

தெரிந்து எழுதினாலும் தெரியாமல் எழுதினாலும், அந்த அபத்தத்தால் அவர்களுக்கு லாபம்தான்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் இருந்த கார்மாக் ஹெர்லி 2012-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நைஜீரியா என்றாலே மோசடி மெயில்தான் என்று உலகத்துக்கே தெரிந்த பிறகும், மோசடிக்காரர்கள் ஏன் நைஜீரியாவிலிருந்து எழுதுவதாகவே சொல்லிக்கொள்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. வேறு நாட்டின் பெயரைப் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அவர் போட்ட கணக்கு இது. பத்து லட்சம் மெயில் அனுப்பக் கிட்டத்தட்டச் செலவே இல்லை. செலவெல்லாம் பதில் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. பதில் போட்ட ஒவ்வொருவரிடமும் ஓர் ஆள் உட்கார்ந்து வாரக்கணக்கில் பேச வேண்டும், போலி ஆவணம் தயாரிக்க வேண்டும், சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். கடைசி நேரத்தில் 'இது ஏமாற்று வேலை' என்று சுதாரித்துக்கொண்டு விலகுகிற ஒவ்வொருவராலும் மோசடிக்காரருக்கு நஷ்டம். ஆகவே அப்படிப்பட்டவர்கள் முதலிலேயே விலகிவிடுவது அவருக்கு நல்லது. அபத்தமான கதை ஒரு சல்லடை மாதிரி வேலை செய்கிறது. சிரித்துவிட்டு அழிப்பவர்கள் எல்லோரும் முதல் சுற்றிலேயே கழிந்துவிட, பதில் போடும் சில பேரிடம் மட்டும் உழைத்தால் போதும்.

நீங்கள் அழித்த மெயிலைத் தோற்றுப்போன மெயில் என்று நினைக்கிறோம் அல்லவா? அனுப்பியவர் கணக்கில் அது தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. அவருக்கு நீங்கள் வேண்டாம். அதற்காக எல்லா மோசடிக்காரர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. பல மெயில்களில் உள்ள பிழைகள் வெறும் பிழைகள்தான்.

சரி, உண்மையிலேயே யாராவது பணம் கொடுக்கிறார்களா?

மிகச் சிலர்தான். அதுவே போதும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் சிலர் 2008-ல் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். ஸ்டார்ம் என்ற ஸ்பேம் வலையமைப்புக்குள் ஊடுருவி, அது அனுப்பிய மருந்து விளம்பர மெயில்களின் லிங்க்குகளைத் தாங்களே அமைத்த போலிக் கடைக்குத் திருப்பிவிட்டார்கள். (அந்தக் கடையில் யாரிடமும் பணம் வாங்கவில்லை.) 26 நாட்களில் ஏறக்குறைய 35 கோடி மெயில்கள் போயின. பொருள் வாங்கப் பட்டனை அழுத்தும் வரை வந்தவர்கள் 28 பேர். அதாவது ஒரு கோடிக்கு ஒருவர்கூட இல்லை. சொந்தக் காசில் தபால்தலை ஒட்டி அனுப்பியிருந்தால் அன்றைக்கே திவாலாகியிருப்பார்கள். மெயிலுக்குத் தபால்தலை இல்லை.

இன்னொரு பக்கம், அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பிடம் 2023-ல் புகாராக வந்த இணையக் குற்ற இழப்பு மட்டும் 1,250 கோடி டாலருக்கும் மேல். அதில் சுமார் 290 கோடி டாலர், நிறுவனங்களின் மெயிலில் புகுந்தோ அவர்களைப் போல நடித்தோ பணத்தைத் திசைதிருப்பிய வழக்குகள். ஒரே நாட்டில், வெட்கத்தை விட்டுப் புகார் கொடுத்தவர்களின் கணக்கு மட்டும் இது.

ஏமாறுகிறவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்கள்தானே?

இந்த எண்ணம் நமக்கு ஆறுதலாக இருக்கிறது. அதற்காக அது உண்மையாகிவிடாது.

ட்ராய் ஹன்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கசிந்த பாஸ்வேர்டுகளில் உங்களுடையதும் இருக்கிறதா என்று பார்க்க உதவும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தை உருவாக்கியவர். பாதுகாப்பைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பதுதான் அவருடைய வேலையே. 2025 மார்ச்சில் அவரே ஒரு ஃபிஷிங் மெயிலில் (நம்பகமான நிறுவனம்போல் நடித்துப் பாஸ்வேர்டைப் பறிக்கும் மெயில்) மாட்டினார். அவருடைய செய்திமடலை அனுப்பித்தரும் மெயில்சிம்ப் நிறுவனம் எழுதியதுபோல் அது வந்தது: உங்கள் மீது ஸ்பேம் புகார் வந்திருக்கிறது, மெயில் அனுப்பும் வசதியை நிறுத்தி வைத்திருக்கிறோம், வந்து சரிபாருங்கள். நீண்ட விமானப் பயணத்தின் களைப்பில் இருந்த அவர் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் போட்டார். சில நிமிடங்களில் சந்தாதாரர்கள் சுமார் 16,000 பேரின் பட்டியல் போய்விட்டது. நடந்ததை அன்றே தன் வலைப்பதிவில் வெளிப்படையாக எழுதினார். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

2016-ல் ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு நடந்தது இன்னும் விசித்திரம். உங்கள் பாஸ்வேர்டை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள், உடனே மாற்றுங்கள் என்று கூகுள் பெயரில் மெயில் வந்தது. சந்தேகப்பட்டு, தொழில்நுட்ப உதவியாளரிடம் கேட்டார்கள். செய்ய வேண்டியதே அதுதான். ஆனால் உதவியாளர் 'இது உண்மையான மெயில்' என்று பதில் எழுதிவிட்டார். போலி என்று எழுத நினைத்தது கைதவறிப்போனது என்று பிற்பாடு சொன்னார். பாஸ்வேர்டை மாற்றச் சரியான கூகுள் முகவரியையும் அதே பதிலில் கொடுத்திருந்தார். ஆனால் அழுத்தப்பட்டது பழைய மெயிலில் இருந்த லிங்க்.

எனக்குப் பார்த்தவுடனே தெரிகிறதே. அவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

உங்களுக்குத் தெரிந்தது, அந்த மெயில் உங்கள் வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்பதால். நீங்கள் எந்தப் பார்சலுக்கும் காத்திருக்கவில்லை, அதனால் 'உங்கள் பார்சல் நின்றுவிட்டது' என்ற மெயிலைப் பார்த்ததும் சிரிப்பு வருகிறது. அதே மெயில் லட்சம் பேருக்குப் போகிறது. அதில் சில நூறு பேராவது அன்றைக்குப் பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது எங்கிருந்தோ வந்த மெயில் இல்லை, காலையிலிருந்து காத்திருந்த மெயில். இப்படி ஒட்டிப்போவது வெறும் தற்செயல். ஆனால் லட்சக்கணக்கில் அனுப்பினால் அந்தத் தற்செயல் யாரோ சிலருக்கு நடந்தே தீரும்.

வேலை தேடுகிறவருக்கு வேலை மெயில், விசாவுக்குக் காத்திருப்பவருக்கு விசா மெயில், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் ஊழியருக்கு இன்வாய்ஸ் மெயில். நாம் வேடிக்கை பார்க்கும்போது மெயிலை மட்டும் பார்க்கிறோம். மாட்டுகிறவர் அதைத் தன் கவலையோடு சேர்த்துப் படிக்கிறார்.

இன்னொரு காரணம், கவனத்தின் இயல்பு. அரிதாக வருவதைக் கண் தவறவிடும். ஜெரமி உல்ஃப் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2005-ல் வெளியிட்ட சோதனையில், படங்களுக்குள் ஒரு பொருளைத் தேடச் சொன்னார்கள். பாதிப் படங்களில் அந்தப் பொருள் இருந்தபோது பார்த்தவர்கள் தவறவிட்டது சுமார் 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் வைத்தபோது தவறவிட்டது சுமார் 30 சதவீதம். பொருளும் கண்களும் மாறவில்லை. எப்போதாவதுதான் வரும் என்று பழகிவிட்டால் தேடுவதைச் சீக்கிரமே நிறுத்திவிடுகிறோம். அலுவலக மெயிலில் நாளெல்லாம் வருவது பெரும்பாலும் உண்மையானவை. அதற்குப் பழகிய கண் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அவசரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'இன்றைக்குள்', 'உடனே', 'கடைசி எச்சரிக்கை' என்ற சொற்கள் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வேலை செய்கின்றன.

வயதானவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்களா?

ஒரே வரியில் சொல்ல முடியாது. அமெரிக்க வணிக ஆணையத்துக்கு வரும் புகார்களில், மோசடியில் பணம் இழந்ததாகச் சொல்வது முதியவர்களைவிட இளையவர்களிடம்தான் அதிகம். ஆனால் இழக்கும்போது முதியவர்கள் ஒரே அடியில் பெரிய தொகையை இழக்கிறார்கள். சேமிப்பு அவர்களிடம்தானே இருக்கிறது.

இதெல்லாம் இணையம் வந்த பிறகு வந்த வியாதிதானே?

இல்லை. பிரான்ஸில் குற்றவாளியாக இருந்து பிறகு காவல்துறைத் துப்பறிவாளரான விடோக், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதை விவரித்திருக்கிறார். சிறைக்குள் இருந்தபடியே கைதிகள் ஊர்ப் பணக்காரர்களின் முகவரிகளைச் சேகரித்துக் கடிதம் எழுதுவார்களாம். 'புரட்சிக் காலத்தில் என் எஜமானரோடு தப்பி ஓடியபோது நகைப்பெட்டியை உங்கள் ஊர்ப் பக்கம் புதைத்துவைத்தோம், அதை எடுக்க வழிச்செலவுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினால்...' என்கிற ரீதியில் போகும். நூறு கடிதம் போனால் இருபதுக்குப் பதில் வரும் என்று எழுதியிருக்கிறார்.

அந்த இருபதையும் மேலே சொன்ன ஒரு கோடிக்கு ஒருவர் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடிதத்துக்குக் காசு ஆகும், ஆகவே ஆளைப் பார்த்து, நம்பும்படி எழுதினார்கள். மெயில் இலவசம், ஆகவே எப்படி எழுதினாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது. கதையின் எலும்புக்கூடு மட்டும் மாறவில்லை. பெரிய தொகை காத்திருக்கிறது, அதை எடுக்கச் சின்னத் தொகை முதலில் வேண்டும்.

ஒரு முறை பணம் கேட்டபோதே புரிந்திருக்க வேண்டாமா? ஏன் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள்?

முதல் தொகையை அனுப்பியவுடன் கேள்வி மாறிவிடுகிறது. அதற்கு முன்னால் 'இதை நம்பலாமா' என்று யோசித்தவர், அதற்குப் பிறகு 'போட்ட பணம் வீணாகிவிடக் கூடாதே' என்று யோசிக்கிறார். வரி கட்ட ஒரு தொகை, வழக்கறிஞருக்கு ஒரு தொகை, வங்கி முத்திரைக்கு ஒரு தொகை. ஒவ்வொன்றும் கடைசித் தடை என்றுதான் சொல்லப்படும். நிறுத்தினால் ஏமாந்தேன் என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ள வேண்டும், தொடர்ந்தால் இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

இதில் நிதித்துறை அனுபவம் பெரிதாகக் காப்பாற்றுவதில்லை. 1990-களில் பிரேசிலின் பாங்கோ நோரோயெஸ்தே வங்கியின் உயரதிகாரி ஒருவர், நைஜீரிய மத்திய வங்கி ஆளுநர் என்று நடித்தவரை நம்பி, அபுஜாவில் கட்டப்போவதாகச் சொன்ன விமான நிலையத்துக்காகத் தன் வங்கியின் பணத்தை அனுப்பிக்கொண்டே இருந்தார். அவருக்குச் சொல்லப்பட்ட கமிஷன் ஒரு கோடி டாலர். போனது சுமார் 24 கோடி டாலர். அப்படி ஒரு விமான நிலையத் திட்டமே கிடையாது.

ரகசியமும் சேர்ந்துகொள்ளும். 'வெளியே தெரிந்தால் காரியம் கெட்டுவிடும்' என்ற வரி இல்லாத முன்பண மோசடி அபூர்வம். எடுத்துச் சொல்லக்கூடிய மனைவி, நண்பர், வங்கி ஊழியர் எல்லோரையும் அந்த ஒரு வரி தள்ளி நிறுத்திவிடுகிறது.

வீட்டில் ஒருவர் இப்படி மாட்டியிருக்கிறார். எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. என்ன செய்வது?

'இதைக்கூடவா நம்பினீர்கள்' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தார். மோசடிக்காரர் தினமும் மரியாதையாகப் பேசுகிறார், நாம் திட்டுகிறோம். அவர் யார் பக்கம் சாய்வார்?

வாதாடுவதைவிட, அடுத்த தொகை போவதை ஒரு நாள் தள்ளிப்போட வைப்பது எளிது. அப்புறம், அந்த நிறுவனமோ அலுவலகமோ உண்மையில் இருந்தால், அதன் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்து அவரையே பேசச் சொல்லுங்கள். உங்கள் வாயால் கேட்பதைவிட அங்கே கேட்பது உறைக்கும். வங்கிக்கும் தகவல் சொல்லுங்கள்.

அனுப்பியவர் பெயர் சரியாகத்தானே இருந்தது?

அந்தப் பெயரை அனுப்புகிறவரே எழுதிக்கொள்ளலாம். மெயில் அனுப்பும் அடிப்படை நெறிமுறையான எஸ்எம்டிபி 1982-ல் வரையறுக்கப்பட்டது. அப்போது வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். ஒருவரையொருவர் நம்பினார்கள், அதனால் அனுப்புகிறவர் யாரென்று சரிபார்க்கும் ஏற்பாடே அதில் இல்லை. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற சரிபார்ப்பு முறைகளைப் பிற்காலத்தில் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு இவற்றைக் கட்டாயமாக்கின.

ஆனால் அவை சரிபார்ப்பது டொமைனைத்தான் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் தளப் பெயர்), ஆளின் யோக்கியதையை அல்ல. மோசடிக்காரர் ஓர் எழுத்து மட்டும் மாறிய டொமைனைத் தன் பெயரிலேயே வாங்கி எல்லாச் சோதனைகளிலும் முறைப்படி தேறிவிடலாம். பல செயலிகள் மொபைலில் அனுப்புநரின் பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைத்துவிடுவது இன்னொரு தொல்லை. ட்ராய் ஹன்ட் மாட்டிய மெயிலிலும் இதுதான் நடந்தது. கணினியில் பார்த்திருந்தால் சம்பந்தமில்லாத முகவரி கண்ணில் பட்டிருக்கும்.

ஸ்பேம் ஃபில்டர் பிடித்துவிடாதா?

பெரும்பாலும் பிடிக்கும். ஆனால் பிடித்ததை நாமே வெளியே எடுப்போம். 2011-ல் ஆர்எஸ்ஏ என்ற பாதுகாப்பு நிறுவனத்துக்குள் ஊடுருவியது அப்படித்தான். 'ஆட்சேர்ப்புத் திட்டம்' என்ற பெயரில் எக்செல் கோப்போடு வந்த மெயில் ஸ்பேம் பெட்டியில்தான் கிடந்தது. ஊழியர் ஒருவர் அதை எடுத்துத் திறந்தார்.

பெரிய நிறுவனங்களில் இதற்கென்று ஆட்கள் இருப்பார்களே?

இருந்தும், கூகுளும் ஃபேஸ்புக்கும் 2013 முதல் 2015 வரை லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்தாஸ் ரிமாசவுஸ்காஸ் என்பவருக்கு மொத்தம் 12 கோடி டாலருக்கு மேல் அனுப்பின. இருவருக்கும் வன்பொருள் தரும் குவாண்டா கம்ப்யூட்டர் என்ற உண்மையான நிறுவனத்தின் பெயரிலேயே அவர் லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, இன்வாய்ஸ்களும் ஒப்பந்தங்களும் தயாரித்து மெயிலில் அனுப்பினார். 2019-ல் ஐந்து வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. இதில் அபத்தமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆளைக் குறிவைத்து அடிக்கும்போது சல்லடை தேவைப்படுவதில்லை.

ஏஐ வந்த பிறகு பிழையே இல்லாத மெயில்கள் வருகின்றனவே?

ஆமாம், 'எழுத்துப் பிழையைப் பாருங்கள்' என்ற அறிவுரையை இனி மறந்துவிடலாம். எனக்கு அதைவிடப் பெரிய மாற்றமாகத் தெரிவது வேறு. பதில் போட்டவர்களோடு பேச ஆள் வேண்டும் என்பதால்தான் சல்லடை தேவைப்பட்டது. அந்தப் பேச்சையே இயந்திரம் செய்துவிட்டால், சந்தேகப்பட்டு விலகுகிறவர்களால் நஷ்டம் இல்லை. எல்லோரிடமும் முயன்று பார்க்கலாம். ஹெர்லியின் கணக்கில் பார்த்தால், அபத்தமான கதைக்கு இருந்த பொருளாதாரக் காரணமே போய்விடுகிறது. சிரித்துவிட்டு அழிக்கும் வசதி நமக்கு இன்னும் எத்தனை வருடம் என்று தெரியவில்லை.

என் பழைய பாஸ்வேர்டை எழுதி, வீடியோ இருக்கிறது என்று மிரட்டுகிறார்கள். எப்படித் தெரிந்தது?

ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலிலிருந்து எடுத்தது. 2018-லிருந்து இந்த வகை மெயில் மொத்தமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களிடம் இருப்பது அந்த ஒரு வரி மட்டும்தான், வீடியோ இல்லை. அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்காவது வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடுமா?

நிறுவனங்கள் நம்பும் அளவுக்கு இல்லை. சான் டியேகோவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ அமைப்பின் 19,500-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் எட்டு மாதங்கள் போலி ஃபிஷிங் மெயில் அனுப்பிப் பார்த்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் 1.7 சதவீதம்தான். களைப்பும் அவசரமும் இருக்கும்போது பாடம் நினைவுக்கு வருவதில்லை.

அப்படியானால் எதுதான் உதவும்?

நம் கண் தவறினாலும் தவறாத ஏற்பாடுகள். பாஸ்வேர்டுகளைச் சேமித்துத் தானாக நிரப்பும் பாஸ்வேர்ட் மேனேஜர், டொமைனை எழுத்து எழுத்தாக ஒப்பிடும். போலித் தளத்தில் அது தானாக நிரப்பாமல் சும்மா இருந்தால், அதுதான் எச்சரிக்கை. (ட்ராய் ஹன்ட்டுக்கும் நிரப்பவில்லை. ஆனால் உண்மையான தளங்களிலும் சில நேரம் நிரப்பாமல் போவது உண்டு என்பதால் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.) அதைவிட உறுதியானது பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஃபோனிலோ கணினியிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி) அல்லது பாதுகாப்புச் சாவி (அதே வேலையைச் செய்யும் சின்னக் கருவி). ஓடிபியை நாம் போலித் தளத்தில் தட்டச்சு செய்துவிட முடியும். சாவி, தான் பதிவான டொமைனைத் தவிர வேறெங்கும் வேலையே செய்யாது. கூகுள் 2017-ன் தொடக்கத்தில் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் சாவியைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு ஃபிஷிங்கால் ஒரு பணிக்கணக்குகூடப் பறிபோனதாகத் தெரியவில்லை என்று 2018-ல் சொன்னது.

பணம் அனுப்பும் விஷயத்துக்குச் சாவி கிடையாது. வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று மெயில் வந்தால், மெயிலில் உள்ள எண்ணுக்கு இல்லாமல், ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணுக்கு ஃபோன் செய்து கேட்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியே அவசரம் என்று எழுதினாலும் அதே விதி.

பதில் போட்டு அவர்களோடு கொஞ்சம் விளையாடலாமா?

வேண்டாம். உங்கள் முகவரியில் ஆள் இருக்கிறார் என்பது உறுதியாகும், அவ்வளவுதான். மறுமுனையில் இருப்பவரும் தானாக அந்த வேலைக்கு வந்திருக்காமல் இருக்கலாம். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடி வேலையில் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் மதிப்பிட்டது.

லிங்க்கை அழுத்தி விவரத்தையும் கொடுத்துவிட்டேன். இப்போது?

வேறொரு கருவியிலிருந்து உண்மையான தளத்துக்குப் போய்ப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்யும் வசதியை அழுத்துங்கள். மெயில் கணக்கு என்றால் அமைப்புகளில் புதிதாக ஏதாவது ஃபார்வர்ட் விதி (உங்களுக்கு வரும் மெயில்களைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்புவது) சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அது இருந்துகொண்டே இருக்கும், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கு அந்த நிமிடமே ஃபோன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன்பாக நிறுத்தினால்தான் உண்டு. அலுவலக மெயில் என்றால் வெட்கப்படாமல் உடனே சொல்லிவிடுங்கள், அடுத்த மெயில் உங்கள் பெயரில் சக ஊழியர்களுக்குப் போகும்.

இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக ஒரு நிறுவனம் மெயில் அனுப்பியிருக்கிறது. நம்பலாமா?

கூடாது. ஒரு முறை பணம் கொடுத்தவர்களின் பட்டியல் மோசடிக்காரர்களிடையே விலைக்குப் போகிறது. நீங்கள் இழந்த தொகை அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருப்பது அதனால்தான். முன்கூட்டியே கட்டணம் கேட்பார்கள், சின்னத் தொகையாகத்தான் இருக்கும்.